ஐந்து படி நிஜம், நான்கு படி டி.வி.

விஷுவல் எஃபெக்ட்ஸ் படிக்கிறவர்களுக்கு ஒரு தீராத வியாதி உண்டு. செய்த வேலை வெளியே தெரியக் கூடாது என்றுதான் வகுப்பில் சொல்லித் தருவார்கள். காட்சியில் ஒரு கம்பியை அழித்தால் அங்கே கம்பி இருந்த சுவடே இருக்கக் கூடாது. பத்துப் பேரை ஆயிரம் பேராக்கினால் பார்க்கிறவருக்கு நெரிசலில் மூச்சு முட்ட வேண்டும். சரி, அப்படியே செய்துவிடுவோம். ஆனால் செய்து முடித்த அடுத்த நிமிஷமே, "இதில் எதெல்லாம் பொய் தெரியுமா?" என்று ஊரைக் கூட்டிச் சொல்லாவிட்டால் எங்களுக்குச் சோறு இறங்காது. அதற்கென்றே 'பிரேக்டவுன்' என்று தனியாக ஒரு வீடியோ தயாரிப்போம். முதலில் எடுத்த அசல் காட்சி, அதன் மேல் ஒவ்வொன்றாக ஏற்றிய பொய்கள், கடைசியில் முழுப் படம். திருடனே ஸ்டேஷனுக்குப் போய் செய்முறை விளக்கம் கொடுப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இப்போது நான் மாதச் சம்பளத்துக்கு இந்தப் பொய்களைச் செய்கிறேன். நான் சொல்ல வந்தது, சம்பளம் இல்லாமல், யாரும் கேட்காமல், தலைகால் புரியாத உற்சாகத்தில் நான் செய்த ஒரு பொய்யைப் பற்றி. அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. உலகத்தில் இருக்கிற எதைப் பார்த்தாலும் அதற்குப் பின்னால் பச்சைத் துணி கட்டினால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்த காலம்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. தூத்துக்குடி, பிறகு விசாகப்பட்டினம், பிறகு கொல்கத்தா. லேக் கார்டன்ஸில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருந்தோம். அம்மா கல்யாணமாகி வந்தபோது ஒன்பது படி நிறையப் பொம்மைகளோடு வந்தவளாம். ஒவ்வொரு மாற்றலுக்கும் லாரி ஒரு படியைத் தின்றது. (ஒருமுறை பசி அதிகமாக இருந்திருக்க வேண்டும், மூன்று படி போயிற்று.) கொல்கத்தாவுக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது ஐந்து படிக்குத்தான் பொம்மை மிச்சம். கல்யாண ஊர்வலச் செட்டு என்று ஒன்று இருந்ததாம். நாதஸ்வரம், தவில், பல்லக்கு, குடை பிடிப்பவர் என்று ஒரு வரிசையே போகும். அது வைக்கோலோடு வைக்கோலாகப் பொடியாகிக் கிடந்தது. அம்மா அந்தப் பொடியை வெகுநாள் தூக்கிப் போடவில்லை.

எங்கள் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சின்ன மன்றம் நடத்துகின்றன. வருஷா வருஷம் நவராத்திரிக்குக் கொலுப் போட்டி உண்டு. முதல் பரிசு வாங்கும் பெண்மணிதான் விஜயதசமி விழாவில் மேடையேறிக் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும். மைக்கில் அவர் பெயரை முழுசாகச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அம்மாவுக்கு அந்தப் பரிசு மேல் அப்படி ஓர் ஆசை. காரணம், கொல்கத்தாவில் அம்மாவுக்குப் பெயரே இல்லை. எல்லாருக்கும் அவள் 'போர்ட் சார் வொய்ஃப்'. லேக் மார்க்கெட்டில் வெற்றிலை வாங்கினாலும் போர்ட் சார் வொய்ஃப், மன்றத்தில் கோலம் போட்டாலும் போர்ட் சார் வொய்ஃப். "ஒரே ஒரு தடவ மைக்குல கமலான்னு சொல்லட்டும், போதும்" என்பாள். ஆனால் ஒவ்வொரு வருஷமும் முதல் பரிசு வசந்தா மாமிக்குத்தான் போகும். மாமி பிறந்ததிலிருந்தே கொல்கத்தா. சொந்த வீடு, உயரமான கூரை, ஒன்பது படி. அம்மாவுக்கு இரண்டாவது பரிசாக ஒரு எவர்சில்வர் டப்பா வரும்.

அந்த வருஷம் அம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். "ஏட்டி பிருந்தா, இந்தத் தடவ கொலுவ வீடியோ எடுத்து குரூப்புல போடணுமாம். துர்கா பூஜைக் கூட்டத்துல வீடு வீடா வர முடியாதுன்னு சொல்லிட்டாவ. அதுல நல்லாருக்க மூணு வீட்டுக்கு மட்டும்..."

'வீடியோ' என்ற சொல் விழுந்ததுமே நான் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடிவிட்டேன். மிச்ச வாக்கியம் அடுக்களையிலேயே தங்கிவிட்டது. அதைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

ஓடியது ஷுபோ வீட்டுக்கு. ஷுபோ என் வகுப்புத் தோழன், இரண்டு தெரு தள்ளி வீடு. நல்லதோ கெட்டதோ எதைப் பார்த்தாலும் "ஃபாட்டாஃபாட்டி!" என்பான். வங்காளத்தில் 'பிரமாதம்' என்று அர்த்தம். அவனுக்குத் தமிழில் தெரிந்தது சுண்டல் என்ற ஒரே சொல்தான், ஆனால் அந்தச் சொல்லை அவன் அளவுக்கு உணர்ச்சியோடு உச்சரிக்கிற தமிழரை நான் பார்த்ததில்லை.

"ஐந்து படி கொலுவை ஒன்பது படி ஆக்கப்போகிறோம்" என்றேன்.

"ஃபாட்டாஃபாட்டி! சுண்டல்?"

"உண்டு."

ஒப்பந்தம் முடிந்தது.

அன்று மதியமே படப்பிடிப்பு. கரியாஹாட் நடைபாதைக் கடையில் வாங்கிய பச்சைத் துணியை ஐந்தாவது படிக்குப் பின்னால் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும். கணினியில் அந்தப் பச்சையை அழித்துவிட்டு அங்கே எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அப்பா மாட்டினார். கேமரா அசைவைக் கணினி புரிந்துகொள்ளச் சுவரில் அங்கங்கே புள்ளி ஒட்ட வேண்டும். அதற்கென்று விற்கிற ஸ்டிக்கருக்கு எங்கே போவது? அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டை முழுவதையும் காலி செய்தேன். சுவர் முழுக்கச் சிவப்புப் பொட்டு, நடுவில் பனியனும் லுங்கியுமாக இரண்டு கையையும் உயர்த்தி அப்பா.

"கை கடுக்குட்டி" என்றார் அப்பா.

"இன்னும் ஒரே ஒரு டேக்கு அப்பா!"

"இதத்தான் ஒரு கப்பல் சரக்கு எறக்குற நேரமாச் சொல்லுத."

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். யாரைப் பற்றி என்று நான் கவனிக்கவில்லை. எப்படியும் பின்னணியில் வீணை இசை போடப்போகிறேன், பேச்சு யாருக்குக் கேட்கப்போகிறது?

பிறகு வேலையில் இறங்கினேன். இருந்த பொம்மைகளைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்துக் கணினிக்குள் கொண்டுவந்தேன். ஒரே செட்டியார் பொம்மை நான்கு நிறச் சட்டையில் நான்கு படியிலும் கடை போட்டார். ஒரு தெப்பக்குளம் வைத்து அதில் அன்னம் நீந்த விட்டேன். சாம்பிராணிப் புகை, கோபுரம், கோபுரத்தின் மேல் தானாக மினுங்கும் விளக்கு. எங்கள் வீட்டுக் கூரை குறுக்கே வந்தது. சரி போ என்று கூரையையும் நான்கடி உயர்த்திவிட்டேன். (வீட்டுக்காரரிடம் கேட்கவில்லை.) லேப்டாப் மிக்ஸி மாதிரி இரைந்தது. எனக்கு அந்த இரைச்சல்தான் சங்கீதம்.

எட்டாவது படியில் செட்டியார் போக மிச்ச இடம் காலியாக இருந்தது. அங்கே என்ன வைக்கலாம் என்று பழைய ஆல்பத்தைப் புரட்டியபோது தூத்துக்குடி வீட்டுக் கொலுப் படம் ஒன்று கிடைத்தது. புதுப்பெண்ணாக அம்மா, பின்னால் அந்தக் கல்யாண ஊர்வலம். அதை ஒவ்வொரு பொம்மையாகக் கணினியில் திரும்பச் செய்தேன். தவில்காரரின் கன்னத்தில் இருந்த கீறலைக்கூட விடவில்லை.

முடித்த வீடியோவை அம்மாவிடம் காட்டினேன். முதலில், "இது நம்ம வீடா?" என்று சிரித்தாள். எட்டாவது படி வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு திரையைத் தொட்டாள். "தவில்காரரு" என்றாள். "குடை பிடிக்கவரும் இருக்காரே." கண்ணில் தண்ணீர் தளும்பியது. எனக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. உலகத்தில் இதைவிடப் பெரிய விருது கிடையாது என்று தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "இத அனுப்பலாமாட்டி? தப்பில்லையா?"

"அனுப்பியாச்சும்மா!"

குரூப்பில் ஒரே அமளி. கைகூப்பிய பொம்மைகளும் இதயங்களும் பொழிந்தன. "போர்ட் சார் வொய்ஃப் அசத்திட்டாங்க!" என்று ஒருவர். "அன்னம் நீந்துதே, மோட்டாரா?" என்று இன்னொருவர். எல்லாருக்கும் கடைசியாக வசந்தா மாமி ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: 'உங்க ஃப்ளாட்ல சீலிங் எவ்வளவு உயரம்?'

அன்று சாயங்காலமே மன்றத்தின் செயலாளரும் போட்டி நடுவருமான ராமநாதன் சார் தொலைபேசியில் வந்தார். மூன்று வீடுகள் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகியிருக்கின்றன, எங்கள் வீடும் அதில் ஒன்று, நாளை சப்தமி அன்று மாலை நேரில் வந்து பார்ப்பார்கள். அடுக்களையில் தங்கிப்போன அந்த மிச்ச வாக்கியம் இப்படித்தான் என் காதுக்கு வந்து சேர்ந்தது.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா டேப்பை எடுத்துவந்து தரையிலிருந்து கூரை வரை அளந்தார். எஞ்சினியர், எதற்கும் முதலில் அளந்துவிடுவார்.

"ஏட்டி, ஒம்பதாவது படி மேல் வீட்டு பெட்ரூமுல போய் நிக்கும். அவிய கட்டில நகட்டச் சொல்லணும்."

"நான் போன் பண்ணி உண்மையச் சொல்லிடுதேன்" என்று அம்மா எழுந்தாள். "பரிசும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாளைக்கு நாலு பேரு மூஞ்சில முழிக்கணும்."

அங்கேயே விட்டிருக்கலாம். விட்டேனா? "அம்மா, நாளைக்கு வரைக்கும் பொறும்மா. மேடையில விளக்கு ஏத்த வேண்டாமா? என்கிட்ட ஒரு ஐடியா இருக்கு" என்று அம்மாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் பாதி, ஆசை பாதி. கடைசியில் ஆசை ஜெயித்தது.

என் ஐடியா இதுதான். எங்கள் கூடத்துச் சுவரில் பெரிய டி.வி. ஒன்று மாட்டியிருந்தது. ஐந்து படியையும் அதன் முன்னால் நகர்த்திவிட்டால், ஐந்தாவது படி முடிகிற இடத்தில் டி.வி. தொடங்கும். மேல் நான்கு படிகளையும் டி.வி.யில் ஓட விட வேண்டியதுதான். டி.வி.யின் ஓரங்கள் தெரியாமல் சாமந்தி மாலையும் மாவிலையும் சீரியல் விளக்கும் போட்டு மறைத்துவிடலாம். பெரிய பெரிய ஸ்டூடியோக்களில் இப்படித்தான் திரையை வைத்து மலையும் காடும் காட்டுகிறார்கள். லேக் கார்டன்ஸில் செய்தால் ஆகாதா?

மறுநாள் காலையிலிருந்து நானும் ஷுபோவும் பம்பரமாகச் சுழன்றோம். அவன் லேக் மார்க்கெட்டுக்கு ஓடி மாலை வாங்கி வந்தான். நான் படிகளின் கோணத்தையும் வெளிச்சத்தையும் டி.வி.க்குள் சரிசெய்தேன். மதியத்துக்குள் எல்லாம் கூடிவந்துவிட்டது. தள்ளி நின்று பார்த்தேன், எனக்கே புல்லரித்தது. வெள்ளை வேட்டி போர்த்திய ஐந்து படி, அதற்கு மேல் அப்படியே தொடர்ந்து ஏறும் நான்கு படி, உச்சியில் கோபுரம். எங்கே நிஜம் முடிகிறது, எங்கே டி.வி. தொடங்குகிறது என்று சத்தியமாகத் தெரியவில்லை.

"ஃபாட்டாஃபாட்டி!" என்று ஷுபோ குதித்தான். அவன் குதித்தபோது ஓர் அடி இடப்பக்கம் நகர்ந்துவிட்டான். உடனே "ஏ பாபா" என்றான், நம் ஊர் 'ஐயையோ'. நானும் நகர்ந்து பார்த்தேன். மேல் நான்கு படியும் தனியாகக் கழன்று சுவரில் சாய்ந்து நின்றன. இந்த வித்தை ஒரே ஒரு இடத்திலிருந்து பார்த்தால்தான் பலிக்கும். ஆகவே அந்த ஒரே இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அதன் கால்களைத் தரையோடு டேப் வைத்து ஒட்டினோம். நடுவர் அதில் உட்கார்வார், பார்ப்பார், சுண்டல் சாப்பிடுவார், போவார். அதற்குப் பத்து நிமிஷம் ஓடுகிற வீடியோ போதும் என்று பென் டிரைவில் ஏற்றி டி.வி.யின் முதுகில் செருகினேன். அதே பென் டிரைவில் கல்லூரிக்குச் சமர்ப்பிக்க வைத்திருந்த இன்னொரு வீடியோவும் இருந்தது. ஆமாம், பிரேக்டவுன்தான்.

மாலை வந்தார்கள். ராமநாதன் சார், அவரோடு வசந்தா மாமி. "மாமிக்கு நீங்க இருக்கிற தெரு நல்லா தெரியுமாம், வழி காட்ட வந்தாங்க" என்றார் சார். வழி காட்ட என்ன இருக்கிறது, தெருமுனைப் பூஜைப் பந்தலில் அடிக்கிற மேளச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்தால் எங்கள் வாசல்தான்.

சாரை நாற்காலிக்கு ஓட்டிச் சென்றேன். உட்கார்ந்தவர் நிமிர்ந்து பார்த்தார். வாய் பிளந்தது. "அடேயப்பா! நேர்ல பார்த்தா வீடியோவைவிட நல்லா இருக்கே!" அம்மாவின் முகம் குத்துவிளக்கு ஏற்றியது மாதிரி ஆனது. நான் ஜன்னலோரம் நின்றுகொண்டு துப்பட்டாவுக்குள் ரிமோட்டைப் பிடித்திருந்தேன். ஷுபோ படுக்கையறைக் கதவிடுக்கில் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

வசந்தா மாமி மட்டும் உட்காரவில்லை. "நான் இப்படி நின்னுண்டே பாக்கறேன்டி" என்று இடப்பக்கம் நகர்ந்தார். நான் சுண்டல் தட்டோடு குறுக்கே பாய்ந்தேன். வலப்பக்கம் நகர்ந்தார். பன்னீர்ச் சொம்போடு பாய்ந்தேன். "என்னடி இது, கபடி ஆடற மாதிரி!" என்றார் மாமி.

எல்லாம் சரியாகவே போய்க்கொண்டிருந்தது. சார் நோட்டம் விட்டு முடித்துவிட்டார், எழுந்திருக்கப் போனார். அந்த நேரம் பார்த்து அம்மா, சந்தோஷம் தாங்காமல், "இன்னும் கொஞ்சம் சுண்டல் சாப்பிடுங்க சார்" என்றாள். சார் மறுபடி உட்கார்ந்தார். பத்து நிமிஷ வீடியோ முடிந்தது. டி.வி. தன் வழக்கப்படி பென் டிரைவில் அடுத்து என்ன இருக்கிறது என்று தேடி, அதை எடுத்துப் போட்டது.

கோபுரம் மறைந்தது. அந்த இடத்தில், பனியனும் லுங்கியுமாக, இரண்டு கையையும் தூக்கியபடி அப்பா தோன்றினார். சாமந்தி மாலைக்கு நடுவில், ஐந்து படிக்கும் மேலே, சாட்சாத் மூலவர் மாதிரி.

நிஜ அப்பா அப்போதுதான் தண்ணீர் கொண்டு வந்தார். திரையைப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

ரிமோட்டை அமுக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அமுக்கினேன், இரண்டு கையாலும் அமுக்கினேன். டி.வி.யின் கீழ் விளிம்பில்தானே ரிமோட்டுக்கான கண் இருக்கிறது, அதன் மேல் நான்தானே தடிமனாக ஒரு சாமந்தி மாலையைத் தொங்கவிட்டேன்! பிளக்கைப் பிடுங்கலாம் என்றால் அது படிகளுக்குப் பின்னால் சுவரில் இருக்கிறது. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான் ஷுபோ. கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து, படி மேல் போர்த்தியிருந்த வேட்டியைத் தூக்கி, அடியில் புகுந்துவிட்டான்.

ஷுபோ நல்ல உடம்புக்காரன். கொலு ஆட ஆரம்பித்தது. செட்டியார் சாய்ந்தார், கிருஷ்ணர் விளிம்புக்கு வந்தார்.

"ஐயோ, பிடிங்கோ! எல்லாரும் பிடிங்கோ!" என்று கத்திக்கொண்டு முதலில் பாய்ந்தது வசந்தா மாமிதான். இரண்டு கையையும் விரித்து மூன்றாவது படியைப் பிடித்தார். ராமநாதன் சார் சுண்டல் வாயோடு முதல் படியைப் பிடித்தார். அப்பா, அம்மா, நான், ஆளுக்கொரு மூலை. யாரும் கையை எடுக்க முடியாது. எடுத்தால் கொலு கீழே. இந்த நிலையில்தான் டி.வி. பேச ஆரம்பித்தது. பிரேக்டவுன் வீடியோவுக்கு நான் வீணை இசை போட்டிருக்கவில்லை. அசல் காட்சி, அசல் சத்தம்.

டி.வி.யில் அம்மாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "வசந்தா மாமி வீட்டுக் கொலுவுக்கு எதுக்கு வருசா வருசம் பரிசு குடுக்காவன்னு தெரியல. அந்தப் பொம்மைங்க மேல இருக்க தூசியத் தட்டினா அதுலயே இன்னொரு படி கட்டலாம்."

அதற்கு டி.வி.யில் அப்பா: "கை கடுக்குட்டி."

மறுபடி அம்மா: "ராமநாதன் சார் எங்க மார்க்குப் போட வாராரு? சுண்டலுக்குல்லா வாராரு. போன வருசம் ரெண்டு பொட்டலத்த ஜிப்பா பைக்குள்ள போட்டுக்கிட்டுப் போனாரே, பாக்கலியா?"

ராமநாதன் சார் மென்றுகொண்டிருந்ததை மெல்வதா விழுங்குவதா என்று தெரியாமல் அப்படியே வாயில் வைத்துக்கொண்டார். வசந்தா மாமி தலையைத் திருப்பாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொலுவை விட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டு போகவும் வழியில்லை, பாவம். அடியிலிருந்து ஷுபோ, "பேயேசி!" (கிடைத்துவிட்டதாம்) என்று வங்காளத்தில் கூவி ஒரு பிளக்கை உருவினான். சீரியல் விளக்குகள் அணைந்தன. இருட்டில் டி.வி. இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

முழு வீடியோவையும் பார்த்தோம், எல்லாரும் கொலுவைக் கட்டிப் பிடித்தபடி. பச்சைத் துணி போய்ப் படிகள் முளைத்தன. கூரை மேலே ஏறியது. ஒரே செட்டியார் நான்கு செட்டியார் ஆனார். கடைசியில் பழைய ஆல்பத்துப் படம் வந்தது, புதுப்பெண்ணாக அம்மா. அந்தப் படத்திலிருந்து நாதஸ்வரக்காரர், தவில்காரர், பல்லக்கு என்று ஒவ்வொன்றாக எழுந்து வந்து எட்டாவது படியில் நின்றன. பிறகுதான் ஷுபோவுக்குச் சரியான பிளக் கிடைத்தது.

ஷுபோ தவழ்ந்து வெளியே வந்து கொலு ஆடுவது நின்றதும் அப்பா குழல்விளக்கைப் போட்டார். அந்த வெளிச்சத்தில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அம்மா அழவில்லை, எனக்குத்தான் பொலபொலவென்று வந்துவிட்டது. பரிசு போனது போகட்டும். இனிமேல் இந்த ஊரில் அம்மாவிடம் யார் பேசுவார்கள்? ஒரு பெயருக்காக ஏங்கியவளுக்குப் பொய்க்காரி என்றும் புறம்பேசி என்றும் இரண்டு பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டேனே என்று நினைத்தபோது அப்படியே கரைந்து போகலாம் போலிருந்தது.

அம்மா வெற்றிலை பாக்குத் தட்டை எடுத்து வந்து வசந்தா மாமி முன் நின்றாள். கொலுவுக்கு வந்த பெண் தாம்பூலம் வாங்காமல் படியிறங்கினால் அந்த வீட்டு உறவே அறுந்தது என்று அர்த்தம். "மாமி, மன்னிச்சிருங்க" என்று மட்டும் சொன்னாள்.

மாமி தட்டைப் பார்த்தார். அணைந்த டி.வி.யைப் பார்த்தார். "அந்தக் கல்யாணச் செட்டு இப்போ எங்கே?"

"ஒடஞ்சு போச்சு மாமி. விசாகப்பட்டினத்துலருந்து வாறப்ப, லாரில."

"ம்" என்றார் மாமி. பிறகு, "எங்காத்து தூசியில ஒரு படி கட்டலாம்னியே கமலா. நாளைக்குக் கார்த்தால வா. துணி நான் தரேன். நீ துடை. எத்தனை படி வரதுன்னு ரெண்டு பேருமாப் பாத்துடலாம்" என்று சொல்லி முந்தானையை விரித்துத் தாம்பூலத்தை வாங்கிக்கொண்டார். ராமநாதன் சாருக்கு அம்மா தலை நிமிராமல் இரண்டு பொட்டலம் சுண்டலை நீட்டினாள். அவர் கொஞ்சம் யோசித்தார், பிறகு வாங்கி ஜிப்பா பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் அஷ்டமி. தெருவில் வண்டி ஓடாத கூட்டம். நானும் அம்மாவும் நடந்தே மாமி வீட்டுக்குப் போய் மதியம் வரை பொம்மை துடைத்தோம். (அம்மா சொன்னதில் தப்பில்லை. துணி கறுத்துவிட்டது. அதை மாமியிடம் யாரும் காட்டவில்லை.) களைத்துப் போய்த் திரும்பினால், எங்கள் மாடிப்படியில் கீழிருந்து மேல் வரை வரிசையாக ஜனங்கள். ஷுபோ தெருமுனைப் பந்தலில் விஷயத்தைச் சொல்லிவிட்டிருக்கிறான். புதுச் சட்டையும் புதுப் புடவையுமாகப் பந்தல் பந்தலாகப் பார்த்துவந்தவர்கள் அப்படியே எங்கள் மாடிக்கும் ஏறிவிட்டார்கள். கொல்கத்தாவில் பூஜைப் பந்தலுக்கு மூங்கிலையும் துணியையும் வைத்து அரண்மனை கட்டி நிறுத்துவார்கள். அரண்மனை பொய் என்று யாரும் கோபித்துக்கொள்வதில்லை, எப்படிக் கட்டினாய் என்றுதான் கேட்பார்கள். ஷுபோ சட்டையில் பந்தல் தொண்டர்கள் மாதிரி ஓர் அட்டையைக் குத்திக்கொண்டு, ஒவ்வொருவராக அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து வித்தை காட்டி, பிறகு பக்கவாட்டில் நிற்கவைத்துக் குட்டையும் உடைத்துக்கொண்டிருந்தான்.

அம்மா முதலில் விறைத்து நின்றாள். அப்புறம் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு கடலை ஊறப்போடப் போய்விட்டாள். தசமி வரை எங்கள் வீட்டுக் குக்கர் ஆறவில்லை.

விஜயதசமியன்று வசந்தா மாமிதான் விளக்கு ஏற்றினார். மைக்கில் அம்மாவின் பெயர் வரவில்லை. எனக்கு அது இன்றும் வருத்தம்தான். ஆனால் விழா முடிந்து வெளியே வந்தபோது முன்பின் தெரியாத ஒரு பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதானே டி.வி. கொலு கமலா?" என்று கேட்டார். அன்றோடு போர்ட் சார் வொய்ஃப் காணாமல் போனாள். இப்போது அப்பாவைத்தான் 'டி.வி. கொலு கமலா ஹஸ்பெண்ட்' என்கிறார்கள். மன்றத்தின் போட்டி அறிவிப்பில் 'கொலுவில் எந்த விதமான திரையும் கூடாது' என்று ஒரு வரி நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டது.

சென்ற மாதம் எனக்கு நிச்சயதார்த்தம். (ஷுபோவோடு இல்லை. ஷுபோ பந்திப் பொறுப்பு.) மாப்பிள்ளை கோயம்புத்தூர்க்காரர், நல்ல உயரம், எங்கள் வீட்டுக் கதைகள் எதுவும் தெரியாத அப்பாவி. சபை நிறைந்திருக்கும்போது வசந்தா மாமி எழுந்து அவர் முன்னால் போய் நின்று ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இடப்பக்கம் நகர்ந்து பார்த்தார். வலப்பக்கம் நகர்ந்து பார்த்தார். மாப்பிள்ளை குழம்பிப்போய் என்னைப் பார்க்க, எங்கள் பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் ஏற்கெனவே வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

"எங்கேருந்து பாத்தாலும் இருக்கான் கமலா" என்றார் மாமி. "நிஜம்தான் போலருக்கு."

"எதுக்கும் ஒரு தடவ தொட்டுப் பாத்துக்கோங்க மாமி" என்றாள் அம்மா.

மாமி கிள்ளியே பார்த்துவிட்டார்.